தொழிலும் தொய்வும்

வைத்தியர்கள் ஆஸ்மா என்றும், யாழ்ப்பாணத்தார் தொய்வு என்றும் முட்டு என்றும், மலைநாட்டார் இழுப்பு என்றும் வழங்கும் நோய் ஒன்றே. பெயர் இடத்துக்கிடம் வேறுபடினும் அதன் காரணத்தைப் பற்றி நம்மவரிடையே நிலவும் கருத்து மட்டும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றது. பரம்பரை என்பர், உடல்வாகு என்பர், பனி, குளிர், மாரிக்காற்று என்பர், தலைவிதி என்று பெருமூச்சு விடுவோரும் உளர். இக்காரணங்கள் யாவற்றுக்கும் பொதுவானதோர் இயல்புண்டு. இவற்றுள் ஒன்றேனும் எந்தத் தொழிலதிபரையும் பொறுப்பாளியாக்குவதில்லை. பாட்டன் மீதும் பனியின் மீதும் வழக்குத் தொடர முடியாது. ஆதலாற்றான் இவ்விளக்கங்கள் இத்துணைக் காலம் மறுப்பின்றி வாழ்ந்து வருகின்றன எனத் துணிந்து கூறலாம்.

பரம்பரைக்கு இந்நோயிற் பங்கில்லை என்று கூறுவது நமது நோக்கமன்று. விஞ்ஞானம் கண்ட உண்மையை நாம் ஏன் மறுக்கவேண்டும்? ஆயின் அதே விஞ்ஞானம் கண்ட பிறிதோர் உண்மை மறைக்கப்படும்போது நாம் வாளாவிருத்தல் தகாது. அமெரிக்க நெஞ்சுநோய்ச் சங்கமும் ஐரோப்பிய சுவாசநோய்ச் சங்கமும் கூட்டாக 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, உலகின் பல பாகங்களிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, வளர்ந்தோரிடையே காணப்படும் தொய்வுநோயில் ஏறக்குறைய 16 வீதத்துக்குத் தொழிலிடத்துத் தூசும் ஆவியும் புகையுமே காரணம் எனக் கணித்துள்ளது. அஃதாவது, தொய்வினால் வருந்தும் வளர்ந்தோர் ஆறு பேரை வரிசையாக நிறுத்தினால், அவருள் ஒருவருடைய மூச்சை வாங்கியது அவருக்குச் சோறு போடும் தொழிலே.

இது நேற்றுக் கண்டறியப்பட்ட செய்தியுமன்று. இத்தாலியப் பேராசிரியர் பெர்னார்டினோ ரமாஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலே தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனிநூலொன்று வெளியிட்டார். மா அரைப்போரும் ரொட்டி சுடுவோரும் மாத்தூசைச் சுவாசித்து, குரல் கம்மி, இருமி, ஈற்றில் இழுப்புக்கு ஆளாவதை அந்நூலிலே அவர் விவரித்திருக்கின்றார். நோயாளியைப் பார்க்கச் செல்லும் வைத்தியன் கேட்கவேண்டிய கேள்விகளாக கிரேக்கத்து ஹிப்போகிறற்றீஸ் வகுத்தவற்றோடு, நோயாளி செய்யும் தொழில் யாது என்னும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவத்திற் புகவேண்டும் என்ற வள்ளுவர் நெறிக்கு இதனினும் பொருத்தமான உரை காண்டல் அரிது.

அக்கேள்வி என்னவாயிற்று? பிரித்தானிய அரசு, தொழில்வழித் தொய்வை நட்டஈட்டுக்குரிய நோய்களின் அட்டவணையிற் சேர்த்தது 1982ஆம் ஆண்டிலேதான். அப்போதும் ஏழு பொருள்களால் விளைந்த தொய்வு மட்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வேழனுள் மாத்தூசும் ஒன்று. ரமாஸ்ஸினி நூல் வெளிவந்ததற்கும் இதற்கும் இடையே 282 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இவ்விடைக்காலத்தில் நீராவி யந்திரம் தோன்றிற்று, மின்சாரம் வந்தது, மனிதன் சந்திரனுக்கும் போய் மீண்டான். பேக்கரித் தொழிலாளியின் மூச்சுத்திணறல் மட்டும் அவனது சொந்தத் துரதிர்ஷ்டமாகவே கொள்ளப்பட்டு வந்தது. அறிவு இல்லாமையா இதற்குக் காரணம்? அன்று. அறிவு நூலில் இருந்தது. அதனைச் சட்டமாக்கும் வலிமை அவ்வறிவினாற் பயனடைய வேண்டியோர் கையில் இருக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். தேயிலையையும் கறுவாவையும் உலகுக்கு அனுப்பும் நாடு இது என்று பாடப்புத்தகங்களிற் பெருமையோடு எழுதுகின்றோம். அவற்றின் தூசு எங்கே போகின்றது என்று எந்தப் பாடப்புத்தகமும் எழுதியதில்லை. அதனை எழுதியவர் நமது நாட்டு நெஞ்சுநோய் வைத்தியர் டொக்டர் சீ. ஜீ. ஊரகொட. தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்கும்போது இளங்கொழுந்தின் நுண்ணிய மயிர்களும் துகள்களும் பஞ்சுபோற் பறக்கும். அத்தூசினால் தொய்வு உண்டாவதை 1970இல் பிரித்தானியக் கைத்தொழில் மருத்துவச் சஞ்சிகையில் அவர் எடுத்துக்காட்டினார். தேயிலைத் தொழிலாளரின் சுவாசநோய்களைப் பற்றிய அவரது மற்றோர் ஆய்வு 1980இல் வெளிவந்தது. 1984இல் வெளிவந்த அவரது கறுவா ஆய்வு நம்மை அதிரவைக்கக் கூடியது. கறுவா பதனிடும் தொழிலாளர் 40 பேரை அவர் பரிசோதித்தார். அவர்களுள் 35 பேரிடம் ஏதேனுமொரு நோய்க்குறி காணப்பட்டது. ஒன்பது பேருக்குத் தொய்வு. இருபது பேருக்குத் தோல் எரிச்சல். பதினைந்து பேருக்கு மயிர் உதிர்வு. உலகச் சந்தைக்குக் கறுவா மணக்கின்றது. அதனைப் பதனிடுவோன் மயிரையும் மூச்சையும் இழக்கின்றான்.

இவ்வாய்வுகள் வெளிவந்து நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகின்றன. இவை நடைபெற்றது நம் நாட்டில். ஆய்வாளர் நம் நாட்டவர். ஆராயப்பட்டோர் நம் தொழிலாளர். ஆயினும் இவை அச்சேறியது ஆங்கிலத்தில், அயல்நாட்டுச் சஞ்சிகைகளில். இதற்காக அவ்வாய்வாளரைக் குறைகூறுதல் அறிவீனம். அவர் தமது கடமையைச் செய்தார். அவ்வறிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கொணர்ந்து, தொழிலாளியின் கையிற் கொடுக்கவேண்டிய கடமை யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கமும் செய்வித்தார். அத்தகைய மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம், தேயிலைத் தூசு நெஞ்சுக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரந்தானும் அத்தூசினிடையே நிற்பவளிடம் சேர்க்கவில்லையெனின், நமது தமிழ்ப்பற்று மேடைக்கு மட்டும் உரியதாகிவிட்டது என்பதன்றி வேறென்ன?

கறுவாவைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். கறுவாப் பட்டையைக் கெடாது காக்கவும் நிறங்கொடுக்கவும் கந்தகம் எரித்துப் புகையூட்டுவது வழக்கம். கந்தகப் புகை தொய்வுநோயாளரின் மூச்சுக்குழாயைச் சுருக்கவல்லது என்பது யாவரும் அறிந்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே, ஐரோப்பியச் சந்தையில் எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து, பதனிட்ட கறுவாவில் எஞ்சக்கூடிய கந்தக ஈரொட்சைட்டின் அளவு கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று சர்வதேச உணவுத்தர அமைப்பு வரையறுத்தது. மேசையிலிருந்து கறுவாவைச் சுவைப்பவனின் நலனுக்காக எல்லை வகுக்கப்பட்டது. நல்லது, அவனும் மனிதனே. ஆனால் புகையறையின் கதவைத் திறந்து உள்ளே செல்பவன் எத்தனை மில்லிகிராம் சுவாசிக்கின்றான் என்று கப்பலேற்று முன்னர் எவர் அளக்கின்றார்? பண்டத்தை அளக்கும் இவ்வுலகம் அப்பண்டத்தை ஆக்குவோனின் நுரையீரலை அளப்பதில்லை. சரக்குக்கு உள்ள மதிப்பு உழைப்புக்கு இல்லை என்னும் கோட்பாட்டை விளக்க மாணவர்க்கு இதனிலும் எளிய உதாரணம் வேண்டியதில்லை.

இனி, எதிர்த்தரப்பாரின் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

“ஒரே இடத்தில் நூறுபேர் வேலை செய்கின்றனர், நாலைந்து பேருக்குத்தானே வருகிறது? ஆகவே குற்றம் தூசில் இல்லை, அவர்கள் உடம்பிலேதான்” என்பது முதலாவது வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இவ்வாதத்தினுள்ளே இரண்டு புரட்டுகள் அடங்கியிருக்கின்றன. தொழில்வழித் தொய்வு பெரும்பாலும் ஒவ்வாமையினால் விளைவது. மாதக்கணக்காகவோ ஆண்டுக்கணக்காகவோ உடல் அத்தூசோடு பழகிய பின்னரே அது வெளிப்படும், எல்லாரிடத்தும் வெளிப்படுவதுமில்லை. அதனாற் காரணம் தூசன்று என்றாகிவிடாது. அத்தூசு இல்லாத விடத்து அந்த நாலைந்து பேருக்கும் அது வந்திராது. இரண்டாவது புரட்டு இன்னும் நுட்பமானது. தொழிற்சாலைக்குள் இன்று நிற்போரை மட்டும் எண்ணிப் பார்ப்பவன், மூச்சு முட்டி வேலையை விட்டுப் போனவர்களை எண்ணுவதில்லை. நோயுற்றோர் வெளியேற, நோயற்றோர் எஞ்சுவர். எஞ்சியோரைக் கணக்கெடுத்து, இவ்விடம் சுகமானது என்று சான்றிதழ் வழங்குவர். புயலுக்குப்பின் நிற்கும் மரங்களை எண்ணிவிட்டு, புயலே வீசவில்லை என்பதற்கு இஃது ஒப்பாகும். தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்வோர் இப்பிழையை நன்கறிவர். ஆனால் அறிக்கை எழுதுவிக்கும் முதலாளிக்கு இப்பிழை பிழையாகப் படுவதில்லை.

“தூசுதான் காரணம் என்று எவ்வாறு நிரூபிப்பது?” என்பது இரண்டாவது வாதம். நிரூபிப்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. மூச்சை வேகமாக ஊதி அளக்கும் சிறிய குழாய்க் கருவியொன்றுண்டு. பீக் புளோ மீற்றர் என்பர். நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு தடவையாக, வேலைநாளிலும் ஓய்வுநாளிலும், மூன்று நான்கு வாரங்கள் தொழிலாளியே ஊதிப் பார்த்து எழுதிவைத்தால் போதும். வேலைநாளில் அளவு வீழ்ந்து ஓய்வுநாளில் உயருமாயின் காரணம் எங்கேயிருக்கிறது என்பதை அக்கோடே காட்டிவிடும். தொழில்வழித் தொய்வை அறிய உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகளுள் இதுவும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது.

இதற்கு நிகரான சான்றொன்றை ஒரு சிறுமியின் கையெழுத்தில் நான் படித்திருக்கின்றேன். வகுப்பில் ‘என் தாய்’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதுமாறு கூறியிருந்தேன். தேயிலை சலிக்கும் பகுதியில் வேலை செய்யும் பெண்ணொருத்தியின் மகள், தன் தாய் நன்றாகப் பாடுவாள் என்றும், ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பாடுவாள் என்றும், மற்ற நாள்களில் ஸ்டோரிலிருந்து வந்தால் மூச்சுத்தான் பாடும் என்றும் எழுதியிருந்தாள். பீக் புளோ மீற்றர் வரையவேண்டிய கோட்டை அப்பிள்ளை இரண்டு வாக்கியங்களில் வரைந்துவிட்டாள். அத்தாயைப் பரிசோதித்த டிஸ்பென்சரியின் துண்டில் ‘இருமல், சளி’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். செய்யும் வேலை என்ன என்ற கேள்வி அங்கே கேட்கப்படவில்லை.

“முகமூடி கொடுத்திருக்கின்றோம், அவர்கள்தாம் அணிவதில்லை” என்பது மூன்றாவது வாதம். குற்றத்தைத் தொழிலாளியின் முகத்திலேயே கட்டிவிடும் தந்திரம் இது. வெக்கை மிகுந்த தொழிற்சாலையில் எட்டுமணி நேரம் வாயையும் மூக்கையும் துணியாற் கட்டிக்கொண்டு எவராலும் பாரம் தூக்க முடியாது என்பதை மனேச்சர்மாரும் அறிவர். தொழிற்சுகாதார விஞ்ஞானம் முகமூடியைக் கடைசி உபாயமாகவே வைக்கின்றது. தீங்கான பொருளை நீக்குதல் முதலாவது; தீங்கு குறைந்த பொருளை அதனிடத்து வைத்தல் அடுத்தது; யந்திரத்தை மூடியமைத்துத் தூசை எழும் இடத்திலேயே உறிஞ்சியெடுத்தல் அதற்கடுத்தது. இவையெல்லாம் முடியாதவிடத்தே முகமூடி. நம் நாட்டில் இவ்வொழுங்கு தலைகீழாக நிற்பதற்கு விஞ்ஞானம் காரணமன்று. உறிஞ்சுவிசிறிக்குப் பணம் வேண்டும், முகமூடிக்குச் சில்லறை போதும் என்பதே காரணம்.

மூலத்திலேயே தீங்கைத் தடுக்க முடியும் என்பதற்குச் சரித்திரம் சான்று பகர்கின்றது. சலவைத்தூளில் நொதியங்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, அத்தூள் செய்யும் தொழிலாளரிடையே தொய்வு பரவியதைப் பிரித்தானிய வைத்தியர்கள் 1969இல் வெளிப்படுத்தினர். அதன்பின் நொதியத்தைத் தூளாக விடாது, மேலுறையிட்ட சிறுமணிகளாகச் செய்து தூசு பறப்பதைக் குறைத்தனர். நோயும் பெரிதும் குறைந்தது. மா பூசிய இறப்பர்க் கையுறைகளால் வைத்தியசாலைத் தாதிமார் மூச்சுத்திணறலுக்கு ஆளானபோது, ஜேர்மனியில் 1990களின் பிற்பகுதியில் மாப்பூச்சில்லாத கையுறைகளுக்கு மாறினர். புதிய நோயாளர் தொகை விரைவாக வீழ்ந்தது. இரண்டிடத்தும் தொழிலாளியின் பரம்பரை மாற்றப்படவில்லை. பண்டம் செய்யும் முறையே மாற்றப்பட்டது.

“இவற்றையெல்லாம் செய்தால் தொழிலே நசித்துவிடும்” என்பது கடைசி வாதம். உண்மையான வாதமும் அதுவே. அமெரிக்கப் பஞ்சாலை அதிபர்களும் இதையே பாடினர். பஞ்சுத்தூசால் வரும் நெஞ்சடைப்பு நோயைப் பற்றி லங்காஷயர் ஆலைகளில் விரிவான ஆய்வுகள் 1950களிலேயே நடந்திருந்தன. அவ்வாறிருந்தும், அமெரிக்க நெசவுத்தொழிற் சஞ்சிகையொன்று 1969இல், அந்நோய் காசாசை பிடித்த வைத்தியர்களின் கற்பனை என்றும், தாழ்ந்த இனத்தாரையே அத்தகைய நோய்கள் பற்றும் என்றும் எழுதத் துணிந்தது. ஆலைகளில் மூச்சிழந்த முதிய தொழிலாளர் 1975இல் கரோலினா மாநிலங்களில் பழுப்பு நுரையீரல் சங்கம் என்ற பெயரால் ஒன்றுகூடினர். இருமிக்கொண்டே விசாரணைச் சபைகளுக்கு வந்து சாட்சி கூறினர். 1978இல் பஞ்சுத்தூசுக்குக் கட்டுப்பாட்டு விதி பிறந்தது. அதிபர்கள் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். செலவையும் பயனையும் தராசிலிட்டுப் பார்த்த பின்னரே தொழிலாளியைக் காக்கவேண்டும் என்று சட்டம் கூறவில்லை என 1981இல் அந்நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளிற்று. ஆய்வாளரின் கட்டுரைகள் தனியே சாதிக்கமாட்டாததை, அக்கட்டுரைகளைக் கையிலேந்திய தொழிலாளர் சாதித்தனர் என்பதே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.

இங்கே ஆய்வாளரை நோக்கியும் ஒரு சொல் கூறவேண்டியிருக்கிறது. தொழில்வழித் தொய்வுக்குத் தலையாய மருத்துவம், நோயாளியை அத்தூசிலிருந்து விரைவில் அகற்றுதல் என்று ஆய்வுகள் ஒருமுகமாகக் கூறுகின்றன. அது முற்றும் உண்மை. கனடாவிலே செந்தேவதாரு மரத்தூளால் தொய்வுற்ற தொழிலாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வேலையை விட்டு நீங்கிய பின்னரும் பாதிக்கு மேற்பட்டோரை நோய் விடவில்லை என்றும், வேளையோடு நீங்கியோரே நலம் பெற்றனர் என்றும் கண்டனர். ஆகவே தாமதம் என்பது மீளா நோய். ஆயின் ‘தூசிலிருந்து அகற்றுக’ என்ற மருந்துச்சீட்டை ஸ்டோரில் வேலை செய்யும் பெண் எவ்வாறு படிப்பாள்? ‘வேலையை விடுக’ என்றே படிப்பாள். வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்திலே லயத்து அறையும் வேலையோடு பிணைந்தது. ஆதலால் அவள் தன் இருமலை மறைப்பாள், ஞாயிறுவரை பொறுப்பாள். சம்பளம் குறையாமல் மாற்றுவேலை என்னும் உரிமை இல்லாதவிடத்து, மருத்துவ உண்மை ஏழைக்கு ஒரு பயமுறுத்தலாகவே முடியும். நோயைக் கண்டறிதல் வைத்தியர் பணி. அதனை அச்சமின்றிச் சொல்ல முடிந்த நிலையை உண்டாக்குதல் அரசியற் பணி. பின்னையது இன்றேல் முன்னையது காகிதத்திலேயே நின்றுவிடும்.

சட்டம் இல்லையா எனின், உண்டு. நட்டஈடு பற்றிய கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டன. தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக் கம்பனிகளிடமிருந்து 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. துரைமார் மாறினர், தூசு மாறவில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் தொய்வும் இடம்பெற்றுள்ளது. பாதுகாப்பும் சுகாதாரமும் பொருந்திய தொழிற்சூழல், சங்கம் அமைக்கும் உரிமையோடு ஒத்த அடிப்படை உரிமை என்று 2022ஆம் ஆண்டு அவ்வமைப்பின் மாநாடு பிரகடனம் செய்தது. இத்தனை தாள்களும் சேர்ந்து சலிக்கும் யந்திரத்துக்கு ஒரு மூடியேனும் ஆகாவிடின், அத்தாள்களால் யாருக்கு என்ன பயன்?

நமது தொழிற்சங்கங்களும் இவ்விடயத்தில் விழித்தெழவேண்டும். நாட்கூலிக்காக நடந்த போராட்டங்களின் பெருமையை யாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் கூலியை மட்டும் பேரம்பேசி மூச்சைப் பேரத்துக்கு வெளியே விட்டுவிடுதல், உழைப்பாளியின் உயிரை இனாமாகக் கொடுப்பதாகும். ஒப்பந்தத்திலே கூலிக்கு ஒரு வாசகம் இருப்பதுபோல் தூசுக்கும் ஒரு வாசகம் இருக்கவேண்டும். தூசு உறிஞ்சும் அமைப்பு, ஆண்டுதோறும் சுவாசப் பரிசோதனை, நோயுற்றோர்க்குச் சம்பளம் குறையாத மாற்றுவேலை, தொழிலாளியிடம் நிரூபணம் கேட்டு அலைக்கழிக்காத நட்டஈடு, தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை அறிவித்தல் ஆகிய ஐந்தும் அவ்வாசகத்தில் அடங்கவேண்டும்.

இலக்கியச் சஞ்சிகைக்கு இவ்விடயம் ஏன் என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருத்தல் கூடும். மலைநாட்டுத் துயரம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. அட்டை கடித்த கால்களையும் கூடை சுமந்த முதுகுகளையும் நம் எழுத்தாளர் கண்டு எழுதினர். அம்முதுகின் உட்புறத்தே அடைபட்டுக் கிடக்கும் மூச்சையும் கண்டு எழுதுதல் அதே மரபின் அடுத்த படியாகும்.

எழுத்தாளரல்லாத ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேலை உண்டு. சுவாசத்தொகுதியைக் கரும்பலகையில் வரையும் விஞ்ஞான ஆசிரியர், மூச்சுக்குழாயின் படத்தருகே தேயிலைத் தூசையும் கறுவாத் தூசையும் மாத்தூசையும் எழுதலாம். பல்கலைக்கழக மாணவர் அயல்மொழிச் சஞ்சிகைகளில் உறங்கும் ஆய்வுகளைத் தமிழிற் சுருக்கி எழுதலாம். ஊரிலுள்ள சங்கக் கிளையும் பாடசாலையும் சேர்ந்து பத்துப் பீக் புளோ மீற்றர்களை வாங்கி, வேலைநாளிலும் ஓய்வுநாளிலும் மூச்சை அளந்து பதிந்து, அப்பதிவைத் தொழிற்சாலைப் பரிசோதகரின் மேசையில் வைக்கலாம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ரமாஸ்ஸினி வைத்தியருக்கு விதித்த கேள்வியை இனி வைத்தியர் மட்டும் கேட்டாற் போதாது. இருமும் ஒவ்வொருவரிடமும் அவர் தொழிலை நாமும் கேட்போம், விடையை எழுதிவைப்போம், எழுதியதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போவோம்.